களு கங்கையும் கையால் கட்டிய தெப்பமும்

சிவனொளிபாத மலைச் சாரலில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,250 மீற்றர் உயரத்தில் பிறக்கும் களு கங்கை, தன் பிரயாணத்தின் முதல் 36 கிலோமீற்றருக்குள்ளாகவே அத்தனை உயரத்தையும் இறங்கி முடித்து, இரத்தினபுரி நகரின் அருகே வரும்போது கடல் மட்டத்துக்கு மேல் 14 மீற்றர் அளவிலே ஓடுகிறது. களுத்துறையில் சமுத்திரத்தோடு சங்கமிக்கும்வரை அது இன்னும் 90 கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தாலும், இறங்குவதற்கு அதனிடம் மிஞ்சியிருப்பது அந்த 14 மீற்றர் மாத்திரமே. மலையிலே பாய்ந்து குதித்து வந்த ஜலம் இரத்தினபுரியில் திடீரென நடை தளர்ந்து, அகன்று, ஆழ்ந்து போவதற்கு இதுவே காரணம். அந்தத் தளர்ந்த நடைதான் இந்நகரின் துறையில் ஒரு காலத்தில் படகுகளைக் கொண்டுவந்து நிறுத்தியது; மழைக்காலத்தில் மேலிருந்து வருகின்ற நீர் வந்த வேகத்திலே வெளியேற முடியாமல் நகரத்தின் தெருக்களில் ஏறி நிற்பதற்கும் அதே தளர்ந்த நடைதான் காரணமாகிறது. ஆகவே சப்ரகமுவ மாகாணத்தில் படகைப் பற்றிப் பேசப் புகுபவன் வெள்ளத்தைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது.

இன்று இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் பேருந்தையன்றி வேறொன்றை நினைப்பதில்லை. ஆனால் 1912ஆம் ஆண்டில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இந்நகரை வந்தடையும்வரை, கீழ்நாட்டிலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் மேலே வந்ததும், மலைநாட்டின் பாக்கும் பிற்காலத்தில் தோட்டங்களின் கோப்பியும் கீழே இறங்கியதும் பெரும்பாலும் இந்த ஆற்றின் வழியாகவே. களுத்துறையை அடைந்த சரக்கு அங்கிருந்து ஏரிகளையும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களையும் தொடர்ந்து கொழும்புவரை நீர்வழியாகவே செல்லக்கூடியதாயிருந்தது. வடக்கே கேகாலை மாவட்டத்திலும் அவ்விதமே. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகி, கித்துல்கலையின் பாறைகளை விட்டு வெளிப்பட்டு, எட்டியாந்தோட்டையையும் ருவன்வெல்லையையும் கடந்து சமநிலத்துக்கு வருமிடங்களிலே படகுத் துறைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டியாந்தோட்டைக்குப் புகையிரதம் வந்தது, துறைகள் களையிழந்தன. பின்னர் அந்தப் புகையிரதமும் 1942இல் எட்டியாந்தோட்டையிலிருந்தும், 1976இல் இரத்தினபுரியிலிருந்தும் விடைபெற்றுக்கொண்டது வேறு கதை.

அந்நாளைய ஆற்றுப் படகின் அமைப்பை அறிய விரும்புவோருக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஜெர்மனியின் ஜேனா சர்வகலாசாலையில் விலங்கியற் பேராசிரியராயிருந்த ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்பவர், 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கி, கடலின் நுண்ணுயிர்களை ஆராய்ந்தும் மலைநாட்டைச் சுற்றிப் பார்த்தும் திரும்புங்கால், ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கி இரத்தினபுரிக்கு வந்து, அங்கிருந்து களுத்துறைவரை களு கங்கையில் படகிலே சென்றதைத் தம் பிரயாண நூலின் கடைசிப் பகுதியிலே எழுதியிருக்கிறார். அவர் ஏறிச் சென்றது இரட்டைத் தோணி. குடைந்தெடுத்த இரண்டு மரங்களை இடைவெளிவிட்டு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி, குறுக்கே பலகை பரப்பிப் பிணைத்து, மேலே கூரை வேய்ந்து, அதனுள் மனிதரும் மூட்டை முடிச்சுகளும் நிழலில் இருக்கும்படி செய்தது அது. ஐரோப்பாவின் துறைமுகங்களிலே நீராவிக் கப்பல்களைக் கண்டு பழகிய ஒரு விஞ்ஞானி, பாறைகளினூடே நீர் சுழித்தோடும் இடங்களையும் அந்த இரட்டைத் தோணியிலே கடந்து சௌக்கியமாகக் கரை சேர்ந்தார் என்பதை வாசிக்கும்போது, எழுத்தறியாத ஆற்றங்கரைத் தச்சனின் அறிவின்மேல் மதிப்பு உண்டாகிறது.

இந்தக் கலை அன்று புதிதாகத் தோன்றியதுமன்று. 1952ஆம் ஆண்டு களனி கங்கையின் கீழ்ப்பகுதியில், களனிமுல்லை என்னுமிடத்தில், ஆற்றுப் படுகையிலே புதையுண்டு கிடந்த ஒரு குடைமரத் தோணி கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தது. அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று பரிசோதனையில் தெரியவந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த ஆற்றோரங்களிலே யாரோ ஒருவர் மரத்தைக் குடைந்துகொண்டேயிருந்தார் என்றுதான் அதற்குப் பொருள்.

களு கங்கை, களனி கங்கை இரண்டிலும் வந்து விழும் சீதாவக்கை, வீ ஓயா, குருகொட ஓயா, வே கங்கை முதலான கிளைகளின் ஓரத்தே, தெரணியகலை முதல் நிவித்திகலை வரையிலும், காவத்தை முதல் இறக்குவானை வரையிலும் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவருக்கு மட்டும் படகு அந்நியமாகவே இருந்து வந்திருக்கிறது. லயம் இருப்பது மேட்டில். பெரட்டுக் களமும் மலையும் இஸ்டோரும் மேட்டில். ஆறு என்பது பள்ளத்திலே, கிராமத்தவருக்கு உரியதாக, துணி துவைக்கவும் குளிக்கவும் மட்டும் இறங்க வேண்டியதாகக் கருதப்பட்டது. பால் வெட்டி முடித்து வாளியைக் கொடுத்துவிட்டு வந்த தாய், பிள்ளை குளிக்கக் கிளம்புவதைக் கண்டவுடன், "ஆத்துப் பக்கம் போவாதடா, தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லித் தடுக்காத லயம் ஒன்று உண்டோ? அந்தப் பயம் நியாயமானது. மாரிக்காலத்து ஆற்றின் சக்தியை அவள் கண்ணாரக் கண்டவள். எனினும், நீந்தத் தெரியாமலும் மிதக்கும் பொருளைக் கையாளத் தெரியாமலும் வளரும் பிள்ளை, வெள்ளம் வந்த நாளன்று முதன்முறையாக ஒரு வாழைத் தண்டின்மேல் ஏறி நிற்கும்படி ஆவதைவிட, தை மாசி மாதங்களில் ஆறு மெலிந்து தெளிந்திருக்கும்போது பெரியவர்கள் பார்த்திருக்க அதைக் கற்றுக்கொள்வதே அந்தத் தாயின் மனத்துக்கும் ஆறுதலாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதற்கு முதலில் தெப்பம் வேண்டும். கிராமத்தவர் தம் வளவிலுள்ள மரத்தை வெட்டி வாய்ச்சியால் குடைந்து தோணியாக்கிக்கொள்ளலாம். தோணியின் பக்கத்தில் கட்டும் தாங்கு கட்டைக்கு மலைவேம்பு போன்ற பாரமற்ற மரத்தைத் தேடிக்கொள்ளலாம். தோட்டத் தொழிலாளிக்கோ நிற்கும் மரம் எதுவும் சொந்தமன்று. அவன் நட்டு வளர்த்த நிழல் மரமும் தோட்டத்துக்கே உரியது. கொல்லையிலே ஒரு பலா நின்றாலும் அதை வெட்டுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அப்படியொரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. ஆதலால் தோட்டத்து மனிதனின் கலம் வாழை, மூங்கில், வெற்றுப் பரல் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்க முடியும். இம்மூன்றும் இழிந்த பொருள்களல்ல. இவற்றின் குணத்தை அறிந்து கட்டினால் ஹெக்கல் ஏறிச் சென்ற தோணியின் தத்துவம் அப்படியே இவற்றிலும் வந்து சேரும்.

வாழைத் தெப்பத்தை எடுத்துக்கொள்வோம். குலை ஈன்று தள்ளிய மரம் எப்படியும் வெட்டப்படுவதுதான். நல்ல பருமனான தண்டுகளாக ஐந்து அல்லது ஆறை, ஏறக்குறைய பத்தடி நீளமுள்ளவையாக, கவ்வாத்துக் கத்தியால் தறித்து, பருத்த முனையும் சிறுத்த முனையும் மாறி மாறி வருமாறு நெருக்கி அடுக்கி, கூராகச் சீவிய மூங்கிற் குச்சிகளை மூன்று இடங்களிலே குறுக்காகத் தண்டுகள் எல்லாவற்றையும் ஊடுருவும்படி அடித்து இறக்கினால் தெப்பம் முடிந்தது. ஆணி வேண்டாம், கயிறுகூட இரண்டு முனைகளில் ஒவ்வொரு சுற்றுப் போதும். வாழைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு மட்டைக்குள்ளும் மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு சிறு அறைகள் வரிசை வரிசையாக இருப்பதைக் காணலாம். அவற்றுள் அடைபட்ட காற்றுத்தான் அதைத் தாங்குகிறது. ஆனால் வெட்டிய முகப்பின் வழியே நீர் புகத் தொடங்கிவிடுவதால் நாளுக்கு நாள் தெப்பம் தாழ்ந்துகொண்டே போகும். ஒரு வாரம் கழித்து அதை நம்பி ஏறுவது அறிவீனம். ஒரு பிள்ளை மிதக்கும் பொருளின் சுபாவத்தை அறிந்துகொள்ளத் தக்க முதற்பாடம் வாழைத் தெப்பமே. அது மெத்தென்றிருக்கும், இடித்தால் காயப்படுத்தாது, உடைந்தாலும் ஒவ்வொரு தண்டும் தனியே மிதந்து பற்றிக்கொள்ள உதவும்.

மூங்கில் அதனினும் மேலான பொருள். கங்கைக் கரைகளிலே அது தானாகவே பெருகி நிற்கிறது. ஒவ்வொரு கணுவிலும் இயற்கை ஒரு சுவரை வைத்து அடைத்திருப்பதால், ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் அந்த ஒரு கண்ணறையில் மட்டுமே நீர் புகும். மற்றவை காற்றோடு நிற்கும். பெரிய கப்பல்களின் உட்புறத்தை நீர்புகா அறைகளாகப் பிரிக்கும் கப்பற் சிற்பிகள் செய்வதும் இதுவே. நான்கு அங்குலக் கனமும் பன்னிரண்டு பதின்மூன்று அடி நீளமும் உள்ள முற்றிய மூங்கில் ஒன்று ஏறக்குறைய 30 லீற்றர் நீரை விலக்கும்; ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். மூங்கிலின் சொந்த எடையாகப் பத்துக் கிலோவைக் கழித்தால், முழுவதும் மூழ்கும்வரை அது தாங்கக்கூடியது 20 கிலோ என்றாகிறது. பன்னிரண்டு மூங்கிலாலான தெப்பம் 240 கிலோவில் முழுகிவிடும்; ஆகையால் அதன் பாதியாகிய 120 கிலோவுக்கு மேல், அதாவது பெரியவர் இருவருக்கு மேல், அதில் ஏற்றலாகாது. பச்சை மூங்கிலைவிட வெட்டிச் சில வாரம் நிழலில் உலர்ந்த மூங்கில் பாரம் குறைந்து மேலே மிதக்கும். மூங்கிலை இணைக்க நைலோன் கயிறு அழகாகத் தோன்றினாலும், வழவழப்பான மூங்கிலின்மேல் அது வழுக்கி நெகிழ்ந்துவிடும். தென்னந்தும்புக் கயிறோ சொரசொரப்பினால் பற்றிக்கொள்வதோடு, தண்ணீரில் எளிதில் உளுத்துப்போவதுமில்லை. ஒரே கயிற்றால் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டாமல், ஒவ்வொரு மூங்கிலையும் குறுக்குச் சட்டத்தோடு தனித்தனி முடிச்சாகக் கட்ட வேண்டும். ஓரிடம் அறுந்தால் அவ்விடம் மட்டுமே அவிழும்.

இக்காலத்தில் கட்டுகிறவர்கள் நாடுவது பரல். இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் வரும் பிளாஸ்டிக் கேன்களும், 200 லீற்றர் நீலப் பரல்களும் தோட்டப் பகுதிகளில் அரிதல்ல. அமிலக் கேனைப் பலமுறை அலசி, வெயிலில் காய வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். மிச்சமிருக்கும் துளிகூடத் தோலைச் சுட்டுவிடும். நான்கு பரல்களை எடுத்து, இரண்டு ஒரு பக்கமும் இரண்டு மறு பக்கமுமாக, நடுவே ஐந்தடி இடைவெளிவிட்டு வைத்து, மூங்கிற் சட்டத்தோடு பிணைத்து மேலே பலகை பரப்பினால், பரல்கள் பாதியளவு மூழ்கும்போது அவை தாங்குவது 400 கிலோ. சட்டமும் பலகையும் பரல்களும் 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாலு பேர் தாராளமாக அமரலாம். மூடியின் திருகைச் சுற்றி இறப்பர் ரியூப்பின் துண்டு ஒன்றை வளையமாக வைத்து இறுக்கினால் நீர் கசியாது. பால் வெட்டும் மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

நான்கையும் சேர்த்து நடுவிலே வைக்காமல் ஏன் இரு புறமும் பிரித்து வைக்க வேண்டும்? மிதவைச் சாஸ்திரம் முழுவதற்கும் ஆதாரமான ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. ஒற்றை மரத்தின்மேல் ஏறியவன் ஒரு பக்கம் சாய்ந்தால், மரம் உருளும். உருண்டபின்பும் அது மூழ்கியிருக்கும் அளவு மாறுவதில்லையாதலால், நிமிர்த்துவதற்கு எந்தச் சக்தியும் பிறப்பதில்லை. இரண்டு மிதவைகளை அகல வைத்துப் பிணைத்திருந்தால், சாய்ந்த பக்கத்து மிதவை அதிகமாக மூழ்கி, தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமாக மேல்நோக்கித் தள்ளும். எழுந்த பக்கத்து மிதவையோ நீரை விட்டு வெளியேறித் தன் தள்ளுதலைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் கூடி மேடையை மீண்டும் சமப்படுத்திவிடும். ஆற்றங்கரைத் தச்சன் இரண்டு தோணிகளைப் பிணைத்ததற்கும், தென்கரையோர மீனவர் ஒரு தோணியின் பக்கத்தில் நீண்ட கட்டையொன்றைத் தாங்கலாகக் கட்டுவதற்கும் காரணம் இதுவே. காவிரியில் ஒகேனக்கல் அருவிக்குக் கீழே ஓடும் வட்டப் பரிசல் இதே பயனை வேறு வழியில் அடைகிறது. அங்கே எல்லாப் பக்கமும் அகலமாயிருப்பதால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கல் கிடைக்கிறது, ஆனால் முனை என்று ஒன்றில்லாமையால் துடுப்புப் போடுபவன் பழகாதவனானால் அது நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

முதன்முறை நீரில் இறக்கும் வேளை எப்படியிருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறுகள் நேர்வது பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்திலேதான். காலை வேளை, மேலே மலையில் கருமேகமில்லாத நாள். ஆறு வளைந்து மணல் ஒதுங்கி நிற்கும் உள்வளைவில், இடுப்பளவுக்கு மேற்படாத நீர். தெப்பத்தை நால்வர் தூக்கி வந்து வைத்தவுடன் யாரும் ஏறுவதில்லை. கரையிலுள்ள மரத்தில் நீண்ட கயிற்றால் கட்டிவிட்டு, அது எவ்வளவு மூழ்குகிறது, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பார்கள். பின்பு மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஏறப்போகும் மனிதரின் எடைக்குச் சமமாக மணல் ஏறியபோதும் பரல் தெப்பத்தின் மேடை நீருக்கு மேலே ஒரு சாணாவது நிற்குமானால் நல்லது. மூட்டைகளை ஓரத்துக்கு நகர்த்திச் சாய்வையும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவன் ஏறுவான், அதுவும் நடுவிலே கையை ஊன்றி முழங்காலிட்டு. எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆசை பையன்களுக்கு அடக்க முடியாமல் வரும், அப்போது கரையிலிருக்கும் பெரியவர், "எந்திரிச்சு நிக்காத தம்பி, குந்திக்க! கோலக் கையில புடிச்சுக்கிட்டு குந்திக்க!" என்று சத்தம் போட வேண்டிவரும். நின்றவனுடைய பாரம் உயரே ஏறிவிடுவதால், குந்தியிருந்தபோது தானாக நிமிர்ந்த அதே மேடை இப்போது அவனைத் தூக்கி எறிந்துவிடும்.

துடுப்பு வலிப்பதற்கு முன்பு கோல் ஊன்றக் கற்றுக்கொள்வது உசிதம். நீண்ட மூங்கிலை ஆற்றின் அடியிலே ஊன்றி, தள்ளி, சேற்றில் சிக்குமுன் எடுத்துவிட வேண்டும். சிக்கிய கோலை விடாமல் பிடித்துக்கொண்டவன் தெப்பம் முன்னே போகத் தான் கோலோடு பின்னே தங்கி நீரில் விழுவான். கோலை விட்டுவிடு, தெப்பத்தை விடாதே என்பதே இதில் முதல் பாடம்.

ஏறுகின்ற ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்க வேண்டும். மனித உடல் நீருக்குள் ஏறக்குறைய நீரின் எடையையே உடையதாகையால், தலையை மேலே நிறுத்த அதற்கு வேண்டிய கூடுதல் உதவி பத்துக் கிலோவுக்குள்தான். நல்ல மிதவைச் சட்டைகள் அந்த அளவைக் கணக்கிட்டே செய்யப்படுகின்றன. இறுக மூடிய இரண்டு ஐந்து லீற்றர் கேன்களை மார்பின் இரு புறமும் பட்டியால் கட்டினால் அதே தூக்கு விசை கிடைக்கும் என்றாலும், மயங்கியவனின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் அமைப்பு அதில் இல்லை. ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவே. கரையோடு இணைக்கும் கயிறு தெப்பத்தில் கட்டப்பட வேண்டுமேயொழிய, மனிதனின் இடுப்பில் ஒருபோதும் கட்டப்படலாகாது. ஓடும் நீரில் இடுப்புக் கயிறு இறுகினால் அது அவனை நீருக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீரைத் தெரிந்தெடுப்பதிலே சப்ரகமுவவுக்கென்று தனியான அபாயங்கள் சில உள. இரத்தினபுரிச் சுற்றுப்புறங்களில் மாணிக்கம் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகள் மழைநீர் நிரம்பிக் குளங்களைப் போலத் தோன்றும். அசையாத நீராயிற்றே என்று அங்கே தெப்பம் விடுவதைப்போல் விபரீதம் வேறில்லை. அவற்றின் கரை செங்குத்தாக இறங்குகிறது, விளிம்பு மண் இளகியது, ஏறப் பிடிமானம் கிடையாது. கித்துல்கலைப் பக்கத்தில் களனி கங்கை வேறு விதமாக ஏமாற்றும். 1957இல் வெளிவந்த க்வாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடமும், இன்று உல்லாசப் பிரயாணிகள் இறப்பர்ப் படகுகளிலே பாறை நீரோட்டத்தில் பாயும் இடமும் அதுவே. மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் நீரைத் திறந்துவிடும்போது, வானத்தில் மேகமேயில்லாத நாளிலும் ஆறு சடுதியாக உயரும். அங்கே காற்றடைத்த படகுகளும் தலைக்கவசமும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் உண்டு. வீட்டில் கட்டிய மூங்கில் தெப்பத்துக்கு அந்த நீரில் இடமில்லை. பங்குனி சித்திரை மாதங்களின் பிற்பகல் இடிமழை மற்றொன்று. நாம் நிற்குமிடத்தில் வெயில் எரிக்க, மலையுச்சியிலே பெய்த மழை சிறிது நேரத்தில் கலங்கிய நீராக வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென நிறம் மாறினாலும், சருகுகள் அடர்த்தியாக மிதந்து வரத் தொடங்கினாலும், தெப்பத்தைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும்.

வெள்ள காலத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரியை மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பழைய தலைமுறை நெடுநாள் பேசிற்று; 2003 மே மாதத்திலும், 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளங்களை நம் தலைமுறையே கண்டது. அவ்விரு ஆண்டுகளிலும் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்குமாக நாட்டில் இறந்தவர்கள் ஒவ்வொரு முறையும் 200 பேருக்கு மேல். தோட்டங்களில் லயம் மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் நீர் வருவது குறைவு. ஆனால் வைத்தியசாலைக்கும் கடைக்கும் பாடசாலைக்கும் போகும் பாதை பள்ளத்தில் மூழ்கிவிடும், ஆற்றைக் கடக்கும் தொங்கு பாலம் அடித்துச் செல்லப்படும், பிரசவ வலி கண்ட பெண்ணோ பாம்பு தீண்டிய தொழிலாளியோ மேட்டிலே சிறைப்பட்டுவிடுவார்கள். கடற்படையின் படகு வரும். ஆனால் அது முதலில் ஜனங்கள் நெருங்கி வாழும் நகரத்துக்கும், அதன் பின்புதான் தோட்டத்துக்கும் வரும். இடையில் கழியும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அந்த ஒரு நாளில் வீட்டில் கட்டிய தெப்பம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். ஆற்றின் நடு நீரோட்டத்துக்கு அது பயன்படவே படாது. நீரின் வேகம் இரட்டித்தால் அது ஒரு பொருளைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு வேகத்தில் அந்தப் பலம் ஒன்பது மடங்கு. வெள்ளத்தில் வரும் மரங்களும், கரையோரத்தே நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மூங்கிற் புதர்களும் வலை போல் நின்று தெப்பத்தையும் மனிதனையும் அள்ளிப் பிடித்துக்கொள்ளும். அத்தகைய இடத்தில் ஒரு துணிச்சல்காரன் தெப்பத்தோடு இறங்கினால் அவனைத் தேடப் பின்னும் இருவர் போக வேண்டியிருக்கும். ஆனால் வயல்வெளியிலும் பாதையிலும் ஓட்டமின்றித் தேங்கி நிற்கும் நீர் வேறு. அதில் இரு கரைகளுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பற்றி இழுத்தபடியே தெப்பத்தைச் செலுத்தினால், அரிசி மூட்டையையும் நடக்க மாட்டாத முதியவரையும் நனையாமல் கொண்டு சேர்க்கலாம். மின்கம்பிகள் அறுந்து நீரில் கிடக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்து, எந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிய பிறகே தெப்பத்தில் கை வைக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவில் மழை விடாது பெய்யும்போது தெப்பத்தைப் பற்றிய நினைப்பே வேண்டாம். பிள்ளைகளோடு உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுவதே உரிய காரியம்.

தோட்டந்தோறும் ஒரு தெப்பம் இருக்கலாம் என்று நான் சொல்லும்போது, அது பெரிய பண முதலீடு என்று எவரும் அஞ்ச வேண்டாம். நான்கு பரல், பத்து மூங்கில், சில பலகைகள், ஒரு கட்டுத் தும்புக் கயிறு, கரையோடு இணைக்க நூறடி நீளக் கயிறு, ஐந்தாறு மிதவைச் சட்டைகள். இவற்றுள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை கடைசி இரண்டுமே. தோட்டத்து இளைஞர் சங்கமோ கோயில் நிர்வாகமோ இதைப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். சிங்களக் கிராமங்களிலே ஆற்றைத் தம் உள்ளங்கையைப்போல் அறிந்த முதிய ஓடக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மரியாதையாக அழைத்து, ஒரு நாள் சோறு போட்டு, பிள்ளைகளுக்குக் கோல் ஊன்றக் காட்டிக் கொடுக்கும்படி கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுள் பெண் பிள்ளைகளும் அடங்குவர் என்பதை நினைவூட்டுகிறேன். வெள்ள நாளில் வீட்டில் சிறு குழந்தைகளோடு இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

பயிற்சி முடிந்தபின் தெப்பத்தை ஆற்றங்கரையில் விட்டுவைப்பது கூடாது. முதல் மழையிலேயே போய்விடும். அதை மேட்டுக்குக் கொண்டுவந்து, பரல்களைக் கழற்றி மூடியைத் திறந்து காய வைத்து, மூங்கிலை நிலத்தில் படாதவாறு கற்களின்மேல் அடுக்கி, கறையான் ஏறாத கூரையின்கீழ் வைக்க வேண்டும். கயிற்றையும் மிதவைச் சட்டைகளையும் எலி எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பது லயத்திலுள்ள எல்லாருக்கும் தெரியும்படி செய்ய வேண்டும். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அந்த வாரத்திலேயே, வைகாசி மழைக்கு முன்பாக, எல்லாவற்றையும் இறக்கிக் கயிற்றை முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்து, நைந்ததை மாற்றி, பரல்களை ஒருமுறை நீருக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது போதும்.